ஆண் கை, பெண் கன்னம், உள்ளறை

ரெக்கார்டின் ஒலி ஆற்றைப் போல இடைவிடாமல் ஓடுகிறது என்றும், சி.டி.யின் ஒலி மாடிப்படி போல வெட்டி வெட்டி இறங்குகிறது என்றும் படித்தவர்களிடையே ஒரு நம்பிக்கை நிலவுகிறது. இது தவறு. இதைத் திருத்தாமல் மேற்கொண்டு ஒரு வரி எழுதுவதும் வாசகருக்குச் செய்கிற துரோகமாகும். சி.டி.க்குள் பதிந்திருப்பவை புள்ளிகள். அந்தப் புள்ளிகளை வைத்து ஒலிபெருக்கி வழியாக வெளியே வருகிற அலை ரெக்கார்டின் அலையைப் போலவே வழுவழுப்பானது, அதில் படி என்று ஒன்று எங்கும் கிடையாது. ரெக்கார்டுக்கு ஆன்மா உண்டு, சி.டி.க்கு இல்லை என்று சொல்கிற கட்சியும் தவறு, இரண்டுக்கும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை காலை, வடபழனியில் ஒரு சினிமா ஒலிப்பதிவுக் கூடத்தின் இருட்டில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடிக்கு அப்பால் மிஷின்களுக்கு நடுவே இருந்த இக்னேஷியஸுக்கு இதையெல்லாம் மைக் வழியாக விளக்கிக்கொண்டிருந்தார் சிற்றம்பலம். விளக்கிக்கொண்டிருக்கும்வரை நேற்று ஃபோனில் கேட்ட சத்தத்தைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. இக்னேஷியஸ் கொட்டாவி விட்டான். "அண்ணே, முதலாளி கேட்டது எது நல்லாருக்குன்னுதான். ஏன் நல்லாருக்குன்னு கேக்கல." "ஏன்னு தெரியாம எதுன்னு எப்படிடா சொல்றது?" "காது சொல்லும்ணே." காது சொல்லும். அப்படித்தான் சிற்றம்பலமும் இருபத்தாறு வருஷமாக நம்பி வந்திருக்கிறார். அந்தக் காது நேற்று சாயங்காலம் ஏழு மணிக்கு அவரிடம் ஒன்றைச் சொன்னது, அவரும் சரி என்று தயிர்சாதம் சாப்பிட்டுப் படுத்துவிட்டார், இன்று காலை குளிக்கும்போது சொம்பு கை நழுவித் தரையில் விழுந்து உருண்டு உருண்டு அடங்கியது, அது அடங்கும்வரை அவர் ஈரத்தோடு நின்று விநாடி எண்ணிக்கொண்டிருந்தார்.

முதலாளி ஒரு தாள் கொடுத்திருந்தார். இடப்பக்கம் ஏழு வரி: அறை, குத்து, உதை, கம்பு, கத்தி, எலும்பு, சுவரில் தலை. வலப்பக்கம் இரண்டு கட்டம், ரெக்கார்டு ஒன்று, சி.டி. ஒன்று. இரண்டையும் போட்டுக் கேட்டு, எது உசத்தியோ அதில் டிக் அடித்து மத்தியானச் சாப்பாட்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்; சி.டி. கம்பெனி ஆள் இரண்டு மணிக்கு வருகிறான், நாற்பது சி.டி. அடங்கிய பெட்டியை வாங்குவதா வேண்டாமா என்று அவனுக்குச் சொல்லியாக வேண்டும். சினிமாவில் அடிக்குச் சத்தம் போடுகிறவர் சிற்றம்பலம். கோடம்பாக்கம் முழுக்க அவரை 'அடி சிற்றம்பலம்' என்றுதான் சொல்வார்கள். அவர் யாரையும் அடித்ததில்லை என்பதே அதிலுள்ள வேடிக்கை என்று சொல்வார்கள். அடித்ததில்லை. திரையில் ஒரு துண்டுப் படம் முனையோடு முனை ஒட்டப்பட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது: வில்லன் கை ஓங்குகிறான், கதாநாயகியின் முகம் திரும்புகிறது, கூந்தல் பறந்து அடங்குகிறது, மறுபடியும் கை ஓங்குகிறான். பதினொரு விநாடிக்கு ஒரு முறை, ஊமையாக. அந்தக் கை அந்தக் கன்னத்தைத் தொடவில்லை, நடுவில் நாலு விரற்கடை இடைவெளி இருக்கிறது, அந்த இடைவெளியை நிரப்பத்தான் சிற்றம்பலத்துக்குச் சம்பளம். நிரப்புவதற்கான சரக்கு லண்டனிலிருந்து எப்போதோ வந்த ரெக்கார்டுகளில் இருந்தது. இரண்டாம் பக்கம், ஏழாம் பள்ளம். உறையில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்ததை அவர் தமிழில் தன் நோட்டில் எழுதிவைத்திருந்தார்: ஆண் கை, பெண் கன்னம், உள்ளறை. அவர் கை வைத்த படங்களில் மாமியார் மருமகளை அறைந்தாலும், இன்ஸ்பெக்டர் திருடனை அறைந்தாலும், தங்கை காதலித்தாள் என்று அண்ணன் அறைந்தாலும், அடி விழுந்தது அந்த ஒரே வெள்ளைக்காரியின் கன்னத்தில். "அந்தம்மா இப்ப எப்படி இருக்கோ" என்றான் இக்னேஷியஸ். "இருபத்தாறு வருஷமா வாங்குது. பென்ஷனாவது குடுக்கலாம்ணே." முதல் ஜோடி வந்தது. கண்ணை மூடிக்கொண்டார். முதலாவது சி.டி.; அறைக்கு முன்னால் சுத்தமான, கழுவித் துடைத்த அமைதி, அதிலிருந்து ஊசிப் பட்டாசு போல ஒன்று தெறித்தது. இரண்டாவது ரெக்கார்டு, இதற்கென்றே அலமாரியிலிருந்து எடுத்த, யாரும் போடாத புதுப் பிரதி; முன்னால் மெல்லிய இரைச்சல், யாரோ மூச்சு விடுகிற மாதிரி, பிறகு அதே அறை, ஒரு நூல் தடிமனாக. "முதல்ல சி.டி., பின்னால ரெக்கார்டு." "கரெக்ட்டுண்ணே." இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, இரைச்சல் காட்டிக்கொடுத்துவிடும், அறைவதற்கு முன்னால் மூச்சு விடுவது ரெக்கார்டு. மாப்பிள்ளை விசாகன் மூச்சு விட்டானா? ஃபோனில் மூச்சு கேட்காது. ஃபோன் அடியையும் நுனியையும் வெட்டிவிட்டு நடுத்துண்டை மட்டும் அனுப்புகிற சாதனம். அந்த நடுத்துண்டில் முதலில் மங்கை, "அப்பா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" "போட்டேன்மா." "பொய். குரல்லயே தெரியுது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, அம்மா படத்துக்குப் பூ வாங்கிப் போடுங்க, போன வாரம் மாதிரி மறந்துட்டு..." அப்புறம் தள்ளி எங்கோ ஓர் ஆண் குரல், சொல் பிடிபடவில்லை. "ஒரு நிமிஷம்பா." அப்புறம் அது. அப்புறம் இரண்டு விநாடி ஒன்றுமே இல்லை. அப்புறம் மங்கை, "தட்டு விழுந்துடுச்சுப்பா" என்றாள்.

அது அறையாக இருந்தால் தனக்குத் தெரியாதா என்பதுதான் நேற்று அவருடைய வாதம், வாதம்கூட இல்லை, அரை விநாடியில் காது தீர்ப்பு எழுதிவிட்டது: அறை இல்லை. அறையென்றால் நுனி வேண்டும், தெறிப்பு வேண்டும், இது மொத்தையாக, ஈரத் துணியை மணையில் போட்ட மாதிரி இருந்தது, தள்ளு. ஆனால் தட்டா? எவர்சில்வர் தட்டு தரையில் விழுந்தால் ஒரு அடியோடு விடாது, விளிம்பில் சுழலும், சுழற்சி தாழத் தாழ வேகம் கூடும், கடைசியில் படபடவென்று அடித்துக்கொண்டு அடங்கும், மூன்று விநாடி, மொசைக் தரை என்றால் நாலு. குரோம்பேட்டை வீட்டில் மொசைக் தரைதான், பால் காய்ச்சிய அன்று அவரே தட்டிப் பார்த்தார், "மாமா தரையைக்கூடத் தட்டிப் பாக்கறார்" என்று விசாகன் சிரித்தான். நேற்று வால் இல்லை. அடி இருந்தது, வால் இல்லை. பாயில் விழுந்திருக்கலாம். தட்டு நிறையச் சோறு இருந்திருக்கலாம், சோறு இருந்தால் சுழலாது. பிளாஸ்டிக் தட்டாக இருக்கலாம், இந்தக் காலத்தில் எல்லாம் பிளாஸ்டிக். இல்லையென்றால் அவள் ரிசீவரைக் கையால் பொத்தியிருக்கலாம். ஆனால் தட்டு விழுந்ததற்கு ஏன் பொத்த வேண்டும்? "அண்ணே, குத்து வருது. கேட்டுக்கிட்டிருக்கீங்களா?" குத்து வந்தது, வயிற்றில் ஒன்று, தாடையில் ஒன்று. சி.டி.யில் குத்துக்கு எலும்பு இருந்தது, ரெக்கார்டில் சதை. இது கேட்பவர் மயக்கம் அல்ல, ரெக்கார்டு வெட்டும்போது அடிஸ்வரத்தைக் குறைத்துத்தான் வெட்டுவார்கள், இல்லையென்றால் ஊசி துள்ளி அடுத்த வரிக்குப் போய்விடும், பிறகு கேட்கும்போது ஆம்பிளிஃபயர் அதைத் திருப்பிக் கொடுக்கும், கொடுக்கும்போது ஒரு பிடி கூடவோ குறையவோ ஆகும், அந்த ஒரு பிடியைத்தான் ஆன்மா என்கிறார்கள். "குத்துக்கு ரெக்கார்டு" என்றார். வயிற்றில் ஒன்று, விசாகனுக்கு. அவனுக்கு வயிறு இப்போதுதான் லேசாக விழ ஆரம்பித்திருக்கிறது, இரண்டு வருஷம் மங்கை போட்ட சாப்பாடு, அதில் ஒன்று, அவன் மடங்கும்போது தாடையில் ஒன்று. தாடைக்கு அவர் வழக்கமாகச் சேர்ப்பது தேங்காய் மட்டையும் சாக்குத் துணியும். உதை வந்தது. விலாவில். மூன்று வேண்டும், அவன் கீழே கிடக்க, செருப்புக் காலோடு. எலும்புக்குக் கரும்பு, பச்சைக் கரும்பை மைக்குக்கு ஒரு சாண் தள்ளி வைத்து ஒடிக்க வேண்டும், பொங்கல் சமயத்தில் அவர் ஒரு வருஷத்துக்கான எலும்பையும் ஒடித்துப் பதிவு செய்துவிடுவார், விசாகனுக்கு இரண்டு விரல், வலது கை, மோதிரம் போட்ட விரலும் அதற்குப் பக்கத்து விரலும். மோதிரம் அவர் போட்டது. மாப்பிள்ளை மோதிரம், பவளம் வைத்தது, தி.நகரில் ஒன்றரை மணி நேரம் நின்று அவர் மனைவி கோமதி தேர்ந்தெடுத்தாள், அதுதான் அவள் கடைசியாகக் கடைக்குப் போனது. மொத்தைச் சத்தத்துக்கு முன்னால் நேற்று மிகச் சின்னதாக ஒரு 'டிக்' இருந்தது. இருந்ததா? இருந்தது. தட்டின் விளிம்பு என்று நினைத்துக்கொண்டார். சுவரில் தலைக்கு இளநீர், முற்றாத இளநீரைச் சிமெண்ட்டுச் சுவரில் அடித்தால் முதலில் ஒரு மரச்சத்தம், உள்ளே தண்ணீர் குலுங்குவது அதற்குப் பிறகுதான், இந்த வரிசை மாறினால் ஜனங்கள் நம்ப மாட்டார்கள். விசாகனின் தலையை அவர் ஐந்து முறை சுவரில் அடித்தார், வரிசை மாறாமல். "அண்ணே, அந்தத் தாள்ல என்ன எழுதுறீங்க? கிழிஞ்சிரப் போவுது."

தாளைப் பார்த்தார். 'சுவரில் தலை' என்ற வரியில் ரெக்கார்டு, சி.டி. இரண்டு கட்டத்திலும் டிக் அடித்து, அதன் மேல் இன்னும் நாலு டிக் அடித்திருந்தார். ஆனால் விசாகன் அப்படிப்பட்ட பையன் இல்லை. எல்லாரும் சொன்னார்கள். ஃபிரிட்ஜ் கம்பெனியில் சர்வீஸ் என்ஜினியர், குரல் உயர்த்திப் பேசிக் கேட்டதில்லை, பஸ்ஸில் பெரியவர்களுக்கு எழுந்து இடம் கொடுக்கிறான், கோமதியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து பந்தியில் ரசம் ஊற்றினான். "மாமா, உங்க தொழில்ல நிஜமாவே அடிக்க மாட்டீங்களா?" "இல்ல மாப்ள, நிஜமா அடிச்சா சத்தமே நல்லா வராது." அதைச் சொன்னது அவர்தான். நாலு பேர் சிரித்தார்கள், அவருக்கே அந்த வாக்கியம் பிடித்துப்போய் இரண்டு மூன்று கல்யாண வீடுகளில் திருப்பிச் சொன்னார். நிஜமாக அடித்தால் சத்தம் நல்லா வராது. மொத்தையாக வரும். இதை அவர் அறிந்தவர், நாலு பேருக்கு எடுத்துச் சொன்னவர், ஆனால் அறிந்தது வாயில் இருந்தது, காதில் இல்லை. காது இருபத்தாறு வருஷமாக அந்த வெள்ளைக்காரியின் கன்னத்தில் பழகிய காது. இந்த இடத்தில் நினைப்பு ஒரு முள்ளில் மாட்டிய வேட்டி போல நின்றது, அவர் இழுத்துக்கொண்டு நகர்ந்தார். சி.டி.யில் ஒரு கீறல் விழுந்தால் அது கணக்குப் போட்டு மீட்டுக்கொள்ளும், கணக்குக்கும் அடங்காத காயமென்றால் அக்கம்பக்கத்து எண்களைப் பார்த்து நடுவில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்பிவிடும், கேட்பவனுக்கு அங்கே ஒன்று நடந்ததே தெரியாது. ரெக்கார்டு அப்படியில்லை, கீறல் விழுந்தால் விழுந்ததுதான், நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று தடவை சொல்லிக் காட்டும். மங்கை எப்படி? 'தட்டு விழுந்துடுச்சுப்பா'வுக்குப் பிறகு அவள் நாற்பது விநாடி பேசினாள், மல்லி வேண்டாம் முல்லை வாங்குங்கள் என்றாள், பூக்காரி முழத்தில் ஏமாற்றுகிறாள் என்றாள், குரலில் ஒரு மடிப்புகூட இல்லை, வழுவழுவென்று. அவ்வளவு வழுவழுப்பு எங்கிருந்து வந்தது? தட்டு விழுந்தால் ஒருத்தி எரிச்சல்பட மாட்டாளா, குனிந்து எடுக்க மாட்டாளா, குனிந்து எடுக்கிறவளின் குரல் கொஞ்சம் அமுங்காதா? வரவேற்பு அறையில் ஃபோன் இருக்கிறது. எழுந்து போய் நம்பரைச் சுழற்றினால் ஆயிற்று. சுழற்றினால் அவள் தட்டு என்பாள். தட்டு என்றால் அவர் சரிம்மா என்பார். திரையில் வில்லன் கை ஓங்கினான், முகம் திரும்பியது, கூந்தல் பறந்தது. துண்டின் ஒட்டுக்கு முந்தைய இரண்டு மூன்று கட்டங்களில், காட்சி சரியாக வந்துவிட்டது என்று தெரிந்த நடிகையின் வாயோரத்தில் சிரிப்பு ஆரம்பிப்பதை அவர் இப்போதுதான் கவனித்தார். கை ஓங்கினான். அவருக்கு அந்த நடிகையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. யாரையாவது. இக்னேஷியஸை, இருக்கையை, அந்தத் திரையை நடுவில் பிடித்து இரண்டாகக் கிழிக்க வேண்டும் போலிருந்தது.

"கடைசியா அறை மட்டும் ஒருவாட்டி பாத்துரலாம்ணே" என்றான் இக்னேஷியஸ், குரலில் ஏதோ விஷமம் இருந்தது. "கண்ண மூடுங்க. மூணு சத்தம் போடுவேன். எது எதுன்னு சொல்லணும். சொல்லலேன்னா மத்தியானம் பிரியாணி உங்க செலவு." கண்ணை மூடினார். முதலாவது தெறித்தது, சி.டி. இரண்டாவது மூச்சு விட்டுவிட்டு அறைந்தது, புது ரெக்கார்டு. மூன்றாவது. மூன்றாவது ஒரு சின்ன 'டிக்', அதையடுத்து மொத்தையாக ஒன்று, ஈரத் துணியை மணையில் போட்ட மாதிரி, நுனி இல்லை, தெறிப்பு இல்லை, வால் இல்லை. சிற்றம்பலத்தின் கை தன்னையறியாமல் காதுப்பக்கம் போனது, ரிசீவரைப் பிடிக்கிற மாதிரி. "அது என்னடா?" "சொல்லுங்க." "எங்கேருந்துடா அதப் புடிச்ச? சொல்லு." கண்ணாடிக்கு அப்பால் இக்னேஷியஸின் சிரிப்பு அடங்கியது. "என்னண்ணே, நம்ம பழைய காப்பிதாண்ணே. அதே ஏழாம் பள்ளம். நீங்க எப்பவும் போடுறதுதான். வெறுமனே போட்டேன், நுனி ஏத்தல, மேல பெல்ட் சத்தம் சேக்கல, எக்கோ குடுக்கல." அவ்வளவுதான். இருபத்தாறு வருஷமாக அந்த ஒரே அறையை அவர் கையால் பின்னுக்குச் சுழற்றி, சரியான இடத்தில் ஊசியை நிறுத்தி, விட்டு, மறுபடி பின்னுக்குச் சுழற்றி, ஒரு படத்துக்கு இருபது தடவை என்றாலும் எத்தனை ஆயிரம். ஊசி இறங்குகிற இடம் மயிரிழையிலும் சிறியது என்பதால் அதன் சில கிராம் கனம் அந்தப் பள்ளத்துச் சுவருக்கு ஒரு லாரி, ஒவ்வொரு தடவையும் அந்தக் கன்னத்தின் மேல் லாரி ஏறி இறங்கி, நுனியெல்லாம் உழுது வழித்தெடுத்து, ஊசி நின்ற இடத்தில் ஒரு தழும்பும் வைத்து, மிச்சம் இருந்தது இது. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக அது மழுங்க மழுங்க அவர் நுனியை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார், பெல்ட்டையும் செருப்பையும் அதன் மேல் போட்டுப் பூசிக்கொண்டே வந்திருக்கிறார், உள்ளே அது என்னவாகியிருக்கிறது என்று கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் நேற்று தெரிந்திருக்கும். "மறுபடி போடு" என்றார். டிக், மொத்தை. "மறுபடி." டிக், மொத்தை. "அண்ணே, என்னாச்சு?" "போடுறா." நாலாவது தடவை அந்தச் சத்தத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, ஒண்ணுமில்லக்கா, தட்டு விழுந்துடுச்சு. மங்கையின் குரல் இல்லை அது. கோமதியின் குரல். எழுபத்துநாலாம் வருஷம், பவர் ஹவுஸ் பக்கத்தில் அந்த ஒற்றை அறைப் போர்ஷன், பழகுவதற்காக அவர் ஸ்டூடியோவிலிருந்து ஒரு ரெக்கார்டை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார், கோமதி தெரியாமல் கொதிக்கிற பால் பாத்திரத்தை இறக்கி அதன் மேல் வைத்துவிட்டாள், எடுத்துப் பார்த்தால் அப்பளம் போல வளைந்து நின்றது. அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது, அடுப்பின் நீலம், ரெக்கார்டு சுட்ட வாசனை, சுவரோரம் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்த மங்கைக்கு ஐந்து வயசு, அவள் பலப்பம் நின்றது, மாடிக்காரம்மாள் மேலேயிருந்து "கோமதி, என்னடீ சத்தம்?" என்று கேட்டது, கோமதி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, குரலில் ஒரு மடிப்புகூட இல்லாமல், அந்த வாக்கியத்தைச் சொன்னது. அறையின் சத்தம் மட்டும் நினைவில்லை. சத்தங்களை நினைவில் வைத்துச் சோறு தின்கிறவருக்கு அந்த ஒரு சத்தம் மட்டும் இல்லை, அந்த இடத்தில் கழுவித் துடைத்த அமைதி. ஒரே ஒரு தடவைதான். ஒரு தடவை, அப்புறம் திருச்செந்தூர் போய்விட்டு வந்த அன்று. அது அறை இல்லை, தள்ளியது. அவள் கதவில் இடித்துக்கொண்டாள், அது வேறு. கை ஓங்கினான், முகம் திரும்பியது. அந்த வீட்டில் ஒரே ஒரு எவர்சில்வர் தட்டுதான் இருந்தது, அதில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எது விழுந்தது என்று மாடிக்காரம்மாளும் கேட்கவில்லை. ஐந்து வயசுப் பிள்ளை தலையைத் தூக்கி முதலில் அம்மாவைப் பார்த்தது, அப்புறம் தட்டைப் பார்த்தது, அப்புறம் குனிந்து எழுத ஆரம்பித்தது.

அவர் எழுந்தார். "அண்ணே, தாளு?" என்று இக்னேஷியஸ் ஓடி வந்தான். "முதலாளிக்கு என்ன சொல்ல?" "எதையாவது டிக் அடி." "எதைன்னு?" "ரெண்டும் ஒண்ணுதான்டா" என்றார், வாழ்நாளில் முதல் தடவையாக. வாசலில் ஆட்டோ பிடித்து குரோம்பேட்டை என்றார், பேரம் பேசவில்லை. வழி நெடுக விசாகனைக் கொன்றுகொண்டே போனார், கிண்டியில் கத்தியால், மீனம்பாக்கத்தில் வெறும் கையால், ஆனால் மீனம்பாக்கம் தாண்டியதும் அந்தக் கை எழுபத்துநாலில் இருந்த கையாகத் தெரிய, முழங்காலுக்கு நடுவில் அதைப் பொத்தி வைத்துக்கொண்டார். வீட்டில் மங்கை மட்டும்தான் இருந்தாள். கதவைத் திறந்தவள் ஈரத்தலையை விரித்து முன்னால் விட்டிருந்தாள், வெள்ளிக்கிழமை. "என்னப்பா, இந்நேரத்துல? உடம்புக்கு என்ன?" அவர் செருப்பைக் கழற்றவில்லை. "நேத்து விழுந்த தட்ட எடுத்துட்டு வா."

"எந்தத் தட்டுப்பா?" என்றாள்.

கேட்டுவிட்டு அவளே நின்றாள். உள்ளே குக்கர் ஒரு விசில் கொடுத்தது, இருவரும் அது முடியும்வரை காத்திருந்தார்கள். "மாப்ள எத்தன மணிக்கு வருவார்?" "ஆறாகும்." "நாலு துணி எடுத்துக்க. போலாம்." "குக்கர் வெச்சிருக்கேன்." "அணைச்சிடு." "அப்பா, இப்படித் திடுதிப்புன்னு வந்து..." "மங்கை. அணைச்சிட்டு வா." அவள் அவரைப் பார்த்தாள், ஐந்து வயசில் பார்த்த மாதிரியேதான் பார்த்தாள், அவர் பார்வையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுப்பின் குமிழ் திரும்புகிற சத்தம் கேட்டது. துணியை ஒரு ரெக்சின் பையில் திணித்துக்கொண்டு வந்தாள், முல்லைப்பூவை ஃபிரிட்ஜில் மறந்துவிட்டேன் என்று திரும்பிப் போய் அதையும் எடுத்துக்கொண்டாள்.

ஆட்டோக்காரன் காத்திருந்தான். மங்கை முதலில் ஏறி வலதோரம் நகர்ந்து உட்கார்ந்தாள், அவர் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். வண்டி ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்ததும் அவர் பேச ஆரம்பித்தார். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பால் பாத்திரத்திலிருந்து தொடங்கினார். ரெக்கார்டு வளைந்ததைச் சொன்னார், கையைச் சொன்னார், இருபத்தொரு வருஷத்தில் கோமதியிடம் ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசாமல் இருந்ததைச் சொன்னார், ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் சொல்லலாம் என்று நினைத்து நர்ஸ் வந்துவிட்டதைச் சொன்னார், திருச்செந்தூரைச் சொன்னார், அதுவும் அறைதான் என்றார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மங்கை சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள், மடியில் பூப்பொட்டலம் இருந்தது. எதற்கும் பதில் சொல்லவில்லை, தலையைக்கூட அசைக்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

பல்லாவரம் சிக்னலில் வண்டி நின்றது. மங்கை அவர் தோளைத் தொட்டு, கொஞ்சம் இறங்குங்கப்பா என்றாள். இறங்கினார். தானும் இறங்கி, அவரை முதலில் ஏறி உள்ளே தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அவருக்கு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து, வலது காதுப்பக்க முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

"இப்பச் சொல்லுங்கப்பா, இந்தக் காதுல கேக்கும்" என்றாள்.